ஏடு கட்டிய கிருமி

சின்னமாமாவின் சளிப் பரிசோதனை முடிவு ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கைக்கு வந்தது. காசநோய்க் கிருமி மறுபடியும் இருக்கிறது. ஆனால் ரிபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு இல்லை. ஜீன்எக்ஸ்பேர்ட் என்ற இயந்திரம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இந்த இரண்டு விடயங்களையும் சொல்லிவிடுகிறது. கிளினிக் வாசலில் நின்ற வேப்பமரத்தடியில் வைத்து மாமாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"நல்ல செய்தி மாமா. பழைய மருந்தே வேலை செய்யும்" என்றேன்.

அவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமி முடித்தார். பிறகு கேட்டார்: "பிள்ளை, அந்த மருந்துக்கு இவை சாகும் என்றால், போனமுறை குடித்தபோது ஏன் சாகவில்லை?"

நான் உயர்தர வகுப்புக்கு 17 வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். "மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமிக்கு எதிர்ப்பு வந்துவிடும்" என்ற வசனத்தை எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த வசனம் பிழையில்லை. ஆனால் மாமாவின் கேள்விக்கு அது பதிலும் இல்லை. இங்கே எதிர்ப்பு வரவே இல்லையே. மருந்துக்கு அடங்கக்கூடிய கிருமிகள் மூன்று மாத மருந்துக்குப் பிறகும் அவருடைய நெஞ்சுக்குள் உயிரோடு இருந்திருக்கின்றன. எங்கே இருந்தன, எப்படி இருந்தன?

அந்தக் கேள்விதான் என்னை நான்கு மாதங்களாக இரவிரவாக வாசிக்க வைத்தது. வாசித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமாவுக்குக் கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டையில் இரண்டரை ஏக்கர் வயல். இரணைமடு வாய்க்கால் தண்ணீர். போன வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் அவருக்கு நோய் என்று தெரிந்தது. ஒரு மாதமாக விடாத இருமல், பின்னேரமானால் மெல்லிய காய்ச்சல், இரவில் பாய் நனையும் அளவுக்கு வியர்வை. 46 கிலோதான் இருந்தார். அந்த நிறைக்கு ஒரு நாளைக்கு மூன்று குளிசை. ஒவ்வொரு குளிசையிலும் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் என்று நான்கு மருந்துகள் சேர்ந்திருக்கும். இரண்டு மாதம் அந்த நான்கும், அதன்பிறகு நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். மொத்தம் ஆறு மாதம்.

முதல் மாதத்திலேயே இருமல் அடங்கிவிட்டது. சோறு இறங்கியது. இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளியில் நுணுக்குக்காட்டிக்குக் கிருமி தென்படவில்லை. தை கடைசியில் அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தது. இயந்திரம் யாருக்காகவும் காத்து நிற்காது. இரவு இரண்டு மணிக்கு முறை வந்தால் இரண்டு மணிக்குப் போய் வரம்பில் நிற்க வேண்டும். வெறும் வயிற்றில் குளிசை போட்டால் குமட்டுகிறது என்று இரண்டு நாள் விட்டார், பிறகு ஒரு கிழமை விட்டார். நெல்லை விற்றுக் கடன் கட்டி முடிந்தபோது குளிசையின் நினைவும் போயிருந்தது. ஆடியில் இருமல் திரும்பி வந்தது.

திரும்பிப் போன ஓரிடத்தில், வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி ஒருவர் அவரைத் திட்டினார். உங்களைப் போன்றவர்களால்தான் இந்த நோய் அழியாமல் கிடக்கிறது என்றார். எந்த இடம், யார் என்று எழுத நான் விரும்பவில்லை. 54 வயது மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, ஏச்சு மட்டும்தான் கிடைத்தது. சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்த தாளை அவர் நம்பினார். அந்தத் தாளின் எல்லை என்ன என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் இருந்தால்தான் நுணுக்குக்காட்டியில் ஒன்றாவது கண்ணில் படும். 2,000 இருந்தாலும் தாளில் "இல்லை" என்றுதான் வரும்.

இனி அவை எங்கே இருந்தன என்ற கதைக்கு வருகிறேன். அதை மாமாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு உதவியது அம்மம்மாவின் வினாகிரி முட்டி.

அம்மம்மா அச்சாறு போடுவதற்காகத் தென்னங்கள்ளை ஒரு மண்முட்டியில் ஊற்றி, வாயைச் சீலையால் கட்டி, குசினி மூலையில் வைப்பார். சில கிழமைகள் போகச் சீலையை அவிழ்த்தால் மேலே ஓர் ஏடு படர்ந்திருக்கும். பாலேடு போல மெல்லியதாக இருக்காது. இளம் நுங்கின் சதை போலக் கலங்கல் வெள்ளை, வழுவழுப்பு, தடிப்பு. நான் ஒருமுறை அதை அகப்பையால் தூக்கிப் பார்த்தேன். ஈரத் துணி போல முழுதாக எழும்பித் தொங்கியது. விரல்களுக்கிடையில் வைத்து இழுத்தேன், அறுந்துவிடவில்லை. "அதைக் கலைக்காதே, அதுதான் புளிக்க வைக்கிறது" என்று அம்மம்மா கத்தினார். கலைத்தால் பழைய ஏடு அடியில் தாழும். சில நாட்களில் புதிது ஒன்று மேலே படரும்.

அந்த ஏடு முழுவதும் பற்றீரியாக்கள். மதுசாரத்தை அசற்றிக்கமிலமாக்கும் பற்றீரியாக்கள் தங்களைச் சுற்றிச் செலுலோசு இழைகளை நூற்று, அந்த இழைப் பின்னலுக்குள் தாங்களே குடியிருக்கின்றன. பருத்திப் பஞ்சில் இருக்கும் அதே செலுலோசுதான். இப்படிப் பற்றீரியாக்கள் கூட்டமாக ஒட்டி, தாங்கள் சுரந்த பசைக்குள் புதைந்து வாழும் அமைப்பை உயிர்ப்படலம் என்கிறார்கள். வாய்க்கால் துருசுக் கல்லில் கால் வழுக்கும் பசையும், காலையில் பல்லில் நாக்குப் படும்போது தெரியும் சொரசொரப்பும் அந்த வகைதான். தனியாக மிதக்கும் பற்றீரியாவைவிடப் படலத்துக்குள் இருக்கும் பற்றீரியாவைக் கொல்வது பல மடங்கு கடினம்.

காசநோய்க் கிருமியும் ஏடு கட்டும் கிருமி. இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பில்லை. 1882 மார்ச் 24 ஆம் திகதி பேர்லினில் ரொபேர்ட் கொக் இந்தக் கிருமியை உலகுக்கு அறிவித்தபோதே, அது கட்டுக் கட்டாகச் சேர்ந்து கிடப்பதைக் கவனித்திருந்தார். கிளிசரீன் கலந்த திரவத்தில் வளர்த்தால் அது மேற்பரப்பில் சுருக்கம் விழுந்த தடித்த ஏடாகப் படரும். நம் எல்லோர் இடது தோளிலும் இருக்கும் பி.சி.ஜி. தழும்பைத் தந்த தடுப்பு மருந்தையும், அதன் உறவுக் கிருமியை அப்படி ஏடாக வளர்த்துத்தான் நெடுங்காலம் செய்துவந்தார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் யோசனையைத் தந்தது. ஏடாகவும் கட்டியாகவும் வளரும் கிருமியை எண்ணுவதும் அளப்பதும் ஆய்வுகூடத்துக்குத் தலையிடி. 1940களில் நுண்ணுயிரியலாளர் ரெனே டூபோஸ், ருவீன் 80 என்ற சவர்க்காரத் தன்மையுள்ள பொருளை வளர்ப்புத் திரவத்தில் சேர்த்தார். கிருமிகள் ஒன்றையொன்று விட்டு விலகி, பால் கலங்கியது போலச் சீராக மிதந்தன. வேலை இலகுவாயிற்று. அதன் பிறகு பல தசாப்தங்களாக எத்தனையோ ஆய்வுகள் இப்படிப் பிரித்துவிட்ட கிருமிகளை வைத்தே நடந்தன. சுவாசப்பைக்குள் அந்தச் சவர்க்காரத்தை யார் ஊற்றுகிறார்கள்? கூட்டமாக வாழும் ஓர் உயிரைத் தனித்தனியாகப் பிரித்து வைத்து அதன் குணத்தைப் படித்தால், பாதிக் குணம்தானே தெரியவரும்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி இப்போது ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக இருக்கிறாள். பயிற்சிக்கென்று வைத்திருந்த, நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும் பழைய கண்ணாடி வழுக்கி ஒன்றை எனக்குக் காட்டினாள். சிவப்புச் சாயத்தைச் சூடாக்கிப் பூசி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் இட்ட வழுக்கி. மற்றப் பெரும்பாலானவற்றிலிருந்து அமிலம் சிவப்பை உரித்துவிடும். இந்தக் கிருமியிலிருந்தும் அதன் உறவுக் கிருமிகளிலிருந்தும் உரிக்க முடியாது. அதன் சுவர் மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகுக் கொழுப்பு நிறைந்தது. எண்ணெய்த் துளி விட்டு, ஆயிரம் மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணை வைத்தேன். வெளிர்நீலப் பின்னணியில் செந்நிறத் துரும்புகள். ஒன்றிரண்டு தனியாகக் கிடந்தன. ஆனால் ஒரு மூலையில் ஏழெட்டு, வைக்கோல் கற்றை போல ஒரே திசையில் ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன. "திரவத்தில் வளர்த்து எடுத்தால் இவை கயிறு திரித்த மாதிரி நீளமாக வரும் ரீச்சர்" என்றாள். முறுக்கு முறுக்காகத் தும்புக்கயிறு போல அவை வளர்வதைக் கண்டால், சோதனைக் குழாயில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்று தொழில் தெரிந்தவர்கள் பார்த்த கணமே ஊகித்துவிடுவார்களாம்.

அந்த மூலையை விட்டு என் கண் வெகு நேரம் விலகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு நீளம். எங்கள் குடும்பத்தின் இரண்டு வருட நிம்மதியைத் தின்றது இந்த அளவு உயிர்.

சரி, ஏடு கட்டினால் மருந்துக்கு ஏன் தப்புகிறது? 2008 இல் அனில் ஓஜாவும் கிரகாம் ஹட்புல்லும் சேர்ந்த குழு, சவர்க்காரம் இல்லாத திரவத்தில் காசநோய்க் கிருமியை ஏடாக வளர்த்து ஆராய்ந்தது. அந்த ஏட்டில், கிருமியின் சுவரோடு ஒட்டாத மைக்கோலிக் அமிலம் நிறைந்திருந்தது. ஏட்டுக்குள் இருந்தவற்றில் ஒரு பகுதி கடுமையான மருந்து அளவுக்கும் தாக்குப்பிடித்தது. தாக்குப்பிடித்தவற்றின் பரம்பரையில் மாற்றம் எதுவும் இல்லை. திரும்பப் பிரித்து வளர்த்தால் அதே மருந்துக்கு அவை சாகும். மாமாவின் தாளில் எழுதியிருந்ததும் இதுதானே.

எதிர்ப்பு வேறு, தாங்குதல் வேறு. இந்த இரண்டையும் வகுப்பில் நான் இதுவரை பிரித்துச் சொன்னதில்லை. இனிச் சொல்வேன். எதிர்ப்பு என்பது கிருமியின் மரபணுவில் எழுதப்பட்ட மாற்றம். பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். தாங்குதல் என்பது இருக்கும் இடத்தாலும் நிலையாலும் வருவது. ஏட்டின் உட்பகுதியில் ஒட்சிசன் குறைவு, உணவு குறைவு. கிருமி வளர்ச்சியை நிறுத்தி ஒடுங்கிவிடுகிறது. ஐசோனியாசிட் என்ன செய்கிறது? மைக்கோலிக் அமிலச் சுவரைக் கட்ட விடாமல் தடுக்கிறது. சுவர் கட்டிக்கொண்டிருப்பவனின் கையைத்தான் அது பிடிக்கும். வேலையை நிறுத்திவிட்டுப் படுத்திருப்பவனை அது என்ன செய்ய முடியும்? அதுவும் இது இயல்பிலேயே மெதுவாகப் பெருகும் கிருமி. நம் குடலில் வாழும் ஈ.கோலி வாய்ப்பான சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அப்படி ஒடுங்கிக் கிடப்பவை நெடுங்காலம் உயிரோடு இருப்பதில்தான் அடுத்த ஆபத்து. காலம் நீள நீள, பாதி மருந்தோடு வாழப் பழகப் பழக, உண்மையான எதிர்ப்பு பிறக்கவும் இடம் கிடைக்கிறது.

கண்ணாடிக் குடுவையில் நடப்பது மனித நெஞ்சிலும் நடக்குமா என்று நீண்ட காலம் சந்தேகித்தார்கள். அது நியாயமான சந்தேகம். சண்டிகாரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் அஷ்வனி குமாரின் குழு 2021 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதிலைத் தந்தது. தொற்றுக்குள்ளான எலிகள், குரங்குகள், மனிதர் ஆகிய மூன்றின் சுவாசப்பை இழையங்களிலும் கிருமிக் கூட்டத்தைச் சுற்றிச் செலுலோசு இருப்பதைக் கண்டார்கள். அதை வாசித்தபோது அம்மம்மாவின் முட்டிதான் எனக்கு முன்னால் வந்து நின்றது. மனித உடல் செலுலோசு செய்வதில்லை. ஆகவே நெஞ்சுக்குள் அது இருந்தால் வேறு யாரோ நெய்திருக்க வேண்டும்.

அதற்கு அடுத்த படியைத்தான் மாமா மிகவும் ரசித்துக் கேட்டார். எங்களுக்குச் செலுலோசைச் செரிக்கும் நொதியம் இல்லை. அதனால்தான் வைக்கோலைத் தின்று நாம் வாழ முடியாது. பட்டி மாடு வாழ்கிறது, ஏனென்றால் அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் செலுலேசு என்ற நொதியத்தைச் சுரக்கின்றன. அந்த வகைச் செலுலேசை ஆவித்தூறலாக்கி எலிகளின் சுவாசப்பைக்குள் செலுத்திக் காசநோய் மருந்தையும் கொடுத்தபோது, மருந்து தனியாகச் செய்ததைவிட நன்றாக வேலை செய்தது. "மாட்டின் வயிற்றில் இருப்பதா?" என்று மாமா இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இது எலியில் நடந்த சோதனை என்பதையும், மனிதருக்கான மருந்து இல்லை என்பதையும் நானும் இரண்டு முறை சொன்னேன். இதை வாசிக்கும் யாரும் ஏதாவது நொதியப் பொடியை மூச்சில் இழுத்துவிடக் கூடாது.

2023 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து வந்த ஆய்வு அந்தக் கயிறுகளைப் பற்றியது. சுவாசப்பையின் கலங்களைச் சிறு தகட்டில் வளர்த்து, அதற்குள் கிருமியை விட்டுப் பார்த்தார்கள். கயிறாகத் திரண்ட கிருமி கலத்துக்குள் இருந்து அதன் கருவை நெரிக்கிறது. நெரிபட்ட கலம் உதவிக்கு ஆள் கூப்பிடும் குரலும் அடங்குகிறது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் கயிற்றுக்குள் இருக்கும் கிருமிகளின் புரதத் தொகுப்பு நிற்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் அவை வேகமாக மீண்டும் வளர்ந்தன. நிறுத்தியதும் வேகமாக. அந்த வரியை நான் கொப்பியில் எழுதி, கீழே மாமா மருந்து விட்ட மாதத்தையும் இருமல் திரும்பிய மாதத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆறு மாதம் என்பதற்கு உயிர்ப்படலம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. நம்மைக் காக்க வேண்டிய விழுங்கு கலங்களுக்குள்ளேயே இந்தக் கிருமி குடியிருக்கிறது. நோயால் இறந்து பாலாடைக்கட்டி போலாகிவிட்ட இழையத்துக்குள் இரத்தக் குழாய் போகாது, மருந்தும் எளிதில் போகாது. நான்கு மருந்துகள் கொடுப்பதே இப்படி வெவ்வேறு நிலையில் இருக்கும் கிருமிகளை வெவ்வேறு பக்கத்தால் பிடிக்கத்தான். ஆனாலும் ஏட்டுக் கதைதான் மாமாவுக்குப் பிடிபட்டது. வயற்காரருக்குக் கோரைப்புல் தெரியும். மேலே செதுக்கிய வயல் இரண்டு கிழமை வெறுமையாகத்தான் கிடக்கும்; கீழே கிழங்கு இருக்கிறது என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இம்முறை மருந்தைக் கண்முன்னே விழுங்க வைக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். தினமும் காலை 6.10க்குச் சைக்கிளில் போகிறேன். குளிசை, ஒரு செம்பு தண்ணீர், அட்டையில் ஒரு கோடு. முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து மாமி பயந்துவிட்டார். ரிபாம்பிசினின் நிறம் அது, பயப்பட ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தபடியே மருந்து குடிக்கும் இந்த முறைக்கும் நம் மொழி பேசும் மண்ணோடு தொடர்பு உண்டு. 1956 இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், வறிய நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆஸ்பத்திரியிலும் மற்றவர்களுக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959 இல் வந்த முடிவு உலகத்தையே மாற்றியது: ஓய்வும் நல்ல சாப்பாடும் குறைவாக இருந்தும், வீட்டில் மருந்தை ஒழுங்காகக் குடித்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

இதை மாமியிடம் சொன்ன பிறகுதான் மாமாவின் கோப்பையும் தட்டும் தனி மூலையிலிருந்து குசினித் தட்டுக்குத் திரும்பின. இந்த நோய் இருமும்போது காற்றால் பரவுவது, கோப்பையால் இல்லை. மருந்து தொடங்கிச் சில கிழமைகளில் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. கதவு யன்னலைத் திறந்து வையுங்கள், சாப்பாட்டைச் சேர்ந்திருந்து சாப்பிடுங்கள் என்றேன். கசம் என்ற சொல்லை அம்மம்மா காலத்தில் வீட்டுக்குள் உரத்துச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மாமாவுக்கு எங்கே தொற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் ஒரே கூடாரத்துக்குள் எத்தனை பேரின் மூச்சைப் பகிர்ந்துகொண்டு படுத்தோம் என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். உலகில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்தக் கிருமி எப்போதோ தொற்றியிருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெளிப்படும். வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

இன்று 131 ஆவது நாள். மாமா 53 கிலோ. காலபோக நெல் சரிந்து மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. பொங்கல் கழிந்த கையோடு அறுவடை இயந்திரம் வரும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. வாய்விட்டுக் கேட்கவும் மனம் வரவில்லை.

இன்று காலை குளிசையை விழுங்கிவிட்டு, செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவராகவே சொன்னார்: "பிள்ளை, வெட்டுத் தொடங்கினால் நான் வெள்ளெனவே வயலுக்குப் போய்விடுவேன். நீ வீட்டுக்கு வராதே. நேரே வரம்புக்கு வா. ஐந்தரைக்கு வருவாயா?"

வருவேன் என்று சொன்னேன்.